வீடியோவில் கை ஆட்டுகிறவர்

அந்த வீடியோவுல கை ஆட்டுறது யாருன்னா கேக்குறீங்க?

எல்லாரும் கேப்பாங்க மேடம். மொத்தமே ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. நான் ரிமோட்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன், மிஷின் தூக்குது, மக்காச்சோளத்து மேல போகுது, பின்னால பாட்டு. கடைசியில தூரத்துல, செடிக்கு நடுவுல இருந்து ஒரு அம்மா ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுறாங்க. அதோட முடிச்சுட்டாங்க டிவிக்காரங்க. அந்த இடம்தான் அழகுன்னு எழுத வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க. ஊர்ப் பொண்ணு ஜெயிச்சதுக்கு ஊரே வாழ்த்துதாம்.

அவங்க சாலம்மா அக்கா. எங்க மகளிர் குழுவுலதான் இருந்தாங்க. வாழ்த்துனாங்கதான். வேற என்ன.

நீங்க மொதல்ல இருந்து கேளுங்க, அப்பத்தான் எழுத வசதி. டீ ஆறுது பாருங்க, குடிச்சுக்கிட்டே கேளுங்க.

பன்னெண்டு பேர் எங்க குழுவுல. மருந்து தெளிக்கிற ட்ரோன் ஒண்ணு குழுவுக்கு வருது, ஓட்டக் கத்துக்க ஒரு பொம்பளைய மெட்ராஸுக்கு அனுப்பணும்னு சொன்னாங்க. பத்தாவதாவது படிச்சிருக்கணும். நாங்க மூணு பேர் இருந்தோம். ஒருத்தி கைக்குழந்தைக்காரி. இன்னொருத்தி போறேன்னுதான் சொன்னா. சாலம்மா அக்காதான், "மாதேஸ்வரி போகட்டும். அவளுக்குத்தான் பயம் கிடையாது"ன்னாங்க. வயசுல மூத்தவங்க சொன்னதும் எல்லாரும் சரின்னுட்டாங்க. என்னைத்தான் எடுத்திருப்பாங்க, எப்படியும். ஆனாலும் சொன்னது அவங்க. அதை மறைக்க மாட்டேன்.

பதினஞ்சு நாள். என் பிள்ளைங்க ரெண்டும் அவங்க வீட்லதான் களி தின்னுச்சுங்க. எங்க வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்கு லோடு ஆட்டோ ஓட்டத் தெரியும், உலை வைக்கத் தெரியாது. குழுவுன்னா ஒருத்தருக்கொருத்தர் செய்யறதுதானே.

அங்க இருபத்தி மூணு பேர் கத்துக்க வந்தாங்க, பொம்பளைங்க மூணே பேர். மொத நாலு நாள் கம்ப்யூட்டர்லதான் ஓட்டணும். கம்ப்யூட்டர்லயே பதினோரு தடவை கீழ போட்டேன் மேடம். மிஷின் நம்மள விட்டு அந்தாண்ட போறப்ப சுலபம். நம்மளப் பாத்துத் திரும்பி வர்றப்ப இடது வலதாயிடும், வலது இடதாயிடும். அதுலதான் எல்லாரும் விழுவாங்க. நான் என்ன பண்ணேன், ஹாஸ்டல் வராண்டாவுல செருப்பைக் கையில தூக்கிப் பிடிச்சு, அதை என் பக்கம் திருப்பி, இப்ப இதுக்கு இடது எது, எனக்கு இடது எதுன்னு நடந்து நடந்து பாத்தேன். பைத்தியம்னு சிரிச்சாங்க. கடைசிப் பரீட்சையில மிஷினைக் கீழ போடாம முடிச்சது அஞ்சு பேர். அதுல நான் ஒருத்தி.

சொல்லிக் குடுத்த சார் கறாரான ஆளு. காத்து அளக்க ஒரு சின்ன மீட்டர் இருக்கு, கையில பிடிச்சா காத்தாடி சுத்தி நம்பர் காட்டும். "காத்து செகண்டுக்கு மூணு மீட்டர் தாண்டினா தூக்கக் கூடாது. யார் வந்து நின்னாலும் தூக்கக் கூடாது"ன்னு தினமும் சொல்லுவாரு. நோட்டுல நாலு தடவை எழுதி வச்சிருக்கேன்.

ஊருக்கு வந்தா ஒருத்தன் கூப்பிடலை. ஒன்றரை மாசம் மிஷின் வீட்ல தூங்குது. என்னா பேசுனாங்க தெரியுமா? மேல இருந்து தெளிச்சா மருந்து காத்தோட அடுத்தவன் காட்டுக்குப் போயிடுமாம். படிக்காத ஜனம், அதுங்களுக்கு என்ன தெரியும்? துளி எவ்ளோ சின்னது, றெக்கைக் காத்து அதைக் கீழ எப்படி அமுக்குது, ஒண்ணும் தெரியாது.

மொதல்ல கூப்பிட்டது தீர்த்தகிரி அண்ணன். ரோட்டோரம் நாலு ஏக்கர் மக்காச்சோளம், ஆள் உசரம் நிக்குது, குருத்துல படைப்புழு. முதுகுல டேங்க்கை மாட்டிக்கிட்டு அதுக்குள்ள நுழைய ஆள் கிடைக்கலை. நான் போய் முக்கால் மணி நேரத்துல முடிச்சேன். நாலாம் நாள் புழு செத்துக் கிடந்துச்சு. அவ்ளோதான், போன் அடிக்க ஆரம்பிச்சுது. எங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோவுல மிஷின், ஜெனரேட்டர், தண்ணிக் கேன் எல்லாம் ஏத்திக்குவாரு. அவரு மருந்து கலக்க, நான் ஓட்ட. மருந்து பீச்சுற நாசில் அடைச்சா நானே கழட்டி ஊதுவேன். றெக்கை உடைஞ்சா நானே மாத்துவேன். பேட்டரி சூட்டைக் கைவச்சுப் பாத்தே இன்னும் எத்தனை நிமிஷம் தாங்கும்னு சொல்லிடுவேன். அடுத்த வருஷம் ஒரு நாளைக்கு ஆறு காடு. ட்ரோன் மாதேஸ்வரின்னா பாலக்கோட்டுல தெரியாதவங்க கிடையாது. மீட்டரைக்கூட எப்பவாச்சும்தான் எடுப்பேன். முகத்துல பட்டாலே எனக்குத் தெரிஞ்சுடும்.

அந்த வருஷம் ஆவணியிலதான் டிவிக்காரங்க வந்தாங்க. மிஷின் கம்பெனிக்காரர் ஏற்பாடு பண்ணாரு. ரோட்டோரமா இருக்கே, வண்டி நிறுத்த வசதின்னு தீர்த்தகிரி அண்ணன் காட்டையே சொன்னேன். அதுக்குக் கிழக்கால ஒரு வரப்பு. வரப்பு தாண்டுனா சாலம்மா அக்காவோட மல்பெரித் தோட்டம். அவங்க பட்டுப்பூச்சி வளக்கறவங்க. இலையை வெட்டிப் போட்டா புழு தின்னும், கூடு கட்டும், கூட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டு போவாங்க. வீட்டுக்காரர் இல்லாத பொம்பளை, ஒரே பொண்ணு சுகுணா. அந்தப் பொண்ணுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைச்சிருந்துச்சு. அந்தத் தடவை கூடு வித்துத்தான் சேத்து விடணும். புழு நாலு தடவை தோல் உரிச்சு, கடைசி வாரத்துல இருந்துச்சு. அந்த வாரத்துலதான் அதுங்க பேய் மாதிரி தின்னும்.

காலையில ஏழு மணிக்கு வர்றேன்னவங்க வந்தது பதினொண்ணுக்கு. மேற்க இருந்து அடிக்கிற ஆவணி மேகாத்து உங்களுக்குத் தெரியும், வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். எங்க வீட்டுக்காரர், "இன்னிக்கு வேணாம் மாதேசு, நாளைக்குக் காலையில அடிச்சுக்கலாம்"ன்னாரு. டிவிக்காரங்க சாயந்திரம் சேலம் போகணுமாம். கம்பெனிக்காரர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இந்த வீடியோ நல்லா வந்துச்சுன்னா ரெண்டாவது மிஷின் உங்களுக்குத்தாம்மா"ன்னாரு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? மீட்டரை எடுத்துப் பாத்தேன். மூணு காட்டுச்சு. தூக்கினேன்.

வெறும் தண்ணி ஊத்திக் காட்டியிருக்கலாமேன்னு இப்ப சொல்றாங்க. எப்படியும் அந்தக் காட்டுக்கு அன்னிக்கு மருந்து அடிக்க வேண்டியதுதானே? ஒரே வேலையா முடிஞ்சுடும்னுதான்.

நல்லாத்தான் ஓட்டினேன். வரிசை நூல் பிடிச்ச மாதிரி போச்சு. கிழக்கு ஓரத்துல திரும்பறப்ப மிஷின் வரப்பைக் கொஞ்சம் தாண்டும், தாண்டாம திரும்ப முடியாது. தெளிப்பை நிறுத்திட்டுத்தான் திருப்பினேன். எல்லாத் தடவையும் நிறுத்தினேன். ஒண்ணு ரெண்டு தடவை விட்டிருப்பேனோ என்னமோ, கேமராக்காரர் வேற இந்தப் பக்கம் பாருங்க மேடம், அந்தப் பக்கம் பாருங்க மேடம்னு உயிரை வாங்கினாரு. அப்பத்தான் அக்கா இலை வெட்டிக்கிட்டு இருந்தவங்க நிமிந்து கை ஆட்டினாங்க. முந்தானையை மூக்குல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னவங்க, அதை விட்டுட்டு ரெண்டு கையையும் ஆட்டினாங்க. நானும் ஒரு கையை எடுத்து ஆட்டினேன். கேமராக்காரர் "சூப்பர், சூப்பர்"ன்னாரு.

மறுநாள் காலையில எங்க தெருப் பொண்ணு ஓடி வந்து, சாலம்மா அக்கா வீட்ல பூச்சியெல்லாம் சாவுதுன்னா.

போனேன். போகாம இருக்க முடியுமா? நீங்க பட்டுப்பூச்சி வீட்டுக்குள்ள போயிருக்கீங்களா? கடைசி வாரத்துல இலை தின்னுற சத்தம் தகரத்துல தூறல் விழுற மாதிரி கேக்கும். அன்னிக்கு ஒரு சத்தமும் இல்ல. தட்டு தட்டா, நீளத்துக்கு, புழு தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டுது, வாயில பச்சையா கக்குது, சுருங்குது, அப்படியே கிடக்குது. அக்கா குந்திக்கிட்டு ஒண்ணொண்ணாப் பொறுக்குறாங்க. செத்ததைக் கூடையில போட்டுட்டு, உசிரு இருக்கறதை ஒரு முறத்துல தனியா வைக்கிறாங்க. முறத்துல வச்சது அங்கயே சாவுது.

"பனி ஈரத்தோட இலை போட்டிருப்பீங்கக்கா"ன்னேன்.

அவங்க நிமிந்து பாத்தாங்க. "இருக்கும்"ன்னாங்க.

"சில சமயம் இது நோயாவும் வரும்க்கா."

"வரும்."

கொல்லையில சுகுணா குழி வெட்டிக்கிட்டு இருந்தா. இடுப்பளவு. சுண்ணாம்பு மூட்டை பக்கத்துல. நான் மம்பட்டியைக் கேட்டேன், குடுக்கலை அந்தப் பொண்ணு. பன்னெண்டு கூடை கொட்டினாங்க.

பட்டு ஆபீஸ்ல இருந்து ஒரு சார் வந்தாரு. இலையை மோந்து பாத்தாரு, மருந்துதான்னாரு. பக்கத்துக் காட்டுல யாராச்சும் அடிச்சாங்களாம்மா, புகார் எழுதிக் குடுங்க, நான் மேல அனுப்பறேன்னாரு. அக்கா எழுதிக் குடுக்கலை. அப்புறம் குழுக் கூட்டம். பன்னெண்டு பேரும் உக்காந்திருக்கோம். தலைவி என்னைக் கேட்டா. நான் எல்லாத்தையும் சொன்னேன். மீட்டர் பாத்தேன், மூணரைதான் காட்டுச்சு, தெளிப்பை நிறுத்திட்டுத்தான் திருப்பினேன், மிஷின்லயே பதிவு இருக்கு, வேணும்னா எடுத்துப் பாருங்கன்னேன். யாரும் எடுத்துப் பாக்கலை.

அப்ப வாசப்படியில நின்ன சுகுணா, "அக்கா, எங்க அம்மா உங்களைக் கேட்டுட்டுத்தானே வெட்டின இலையைப் போட்டாங்க? நீங்கதானே..."ன்னு ஆரம்பிச்சா.

"சுகுணா, நீ சும்மா இரு"ன்னாங்க அக்கா.

"ஏம்மா, போன் பண்ணியே, நான் பக்கத்துல தானே..."

"உன்னை வீட்டுக்குப் போகச் சொன்னேன்." அந்தக் குரல்ல அவங்க பேசி நான் கேட்டதே இல்ல. அந்தப் பொண்ணு போயிட்டா. அக்கா எங்களைப் பாத்து, "இலை கெட்டுப் போச்சு. என் நேரம். இதோட விடுங்க"ன்னாங்க.

ஆமா மேடம். போன் பண்ணாங்க.

படம் எடுத்த அன்னிக்கு மிஷினை இறக்கிட்டு நிக்கிறேன், மைக்கை வாய்க்கு நேரா நீட்டியிருக்காங்க, நான் பேசிக்கிட்டு இருக்கேன். நடுவுல போன் அடிக்குது. எடுக்காம இருந்திருக்கலாம். எடுத்தேன். "மாதேசு, காத்து இந்தப் பக்கம்தானே அடிச்சுது. வெட்டி வச்ச இலை மேல பட்டிருக்குமா? புழு பசியில கிடக்குது. போடலாமா, வேணாமா? நீ சொல்லு"ன்னாங்க. எதிர்ல கேமரா ஓடுது. கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பாக்குறாரு. "ஒண்ணும் ஆகாதுக்கா, தைரியமாப் போடுங்க"ன்னு சொல்லி வச்சுட்டேன். எத்தனை செகண்டு இருக்கும்? பத்து? பதினஞ்சு? தப்பாச் சொல்லணும்னா சொன்னேன்? எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்.

அவங்களுக்கும்தான் சந்தேகம் இருந்துச்சே, போடாம இருந்திருக்கலாமே? நான் சொன்னேன்னு போட்டாங்களாம். என்கிட்ட சர்டிபிகேட் இருக்குதாம்.

அதைக்கூட விடுங்க. எனக்கு ஆத்தாமை எதுலன்னா, ஏன் சொல்லலை? கூட்டத்துல எழுந்து, இவ போடச் சொன்னா, நான் போட்டேன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? நாலு பேர் திட்டியிருப்பாங்க, நானும் ரெண்டு பேசியிருப்பேன், கால்ல விழுன்னா விழுந்திருப்பேன், முடிஞ்சிருக்கும். என்னைக் காப்பாத்தச் சொல்லி யார் கேட்டா? அன்னியில இருந்து அந்தப் பத்து செகண்டு அவங்களுக்கும் எனக்கும் நடுவுல அப்படியே கிடக்குது. தெருவுல பாத்தா, "சாப்டியா மாதேசு"ன்னு கேக்குறாங்க. யாராச்சும் கேப்பாங்களா?

அந்த ஞாயித்துக்கிழமை வீடியோ வந்துச்சு. வீட்ல எல்லாரும் உக்காந்து பாத்தோம். கடைசியில அந்தக் கை வந்ததும் எங்க வீட்டுக்காரர், "இன்னொரு தடவை போடு"ன்னாரு. போட்டேன். "இது வாழ்த்தறது இல்லடி. நிறுத்துன்னு கத்துது அந்தப் பொம்பளை"ன்னாரு. அவருக்கு என்ன தெரியும்? "மீட்டர்ல அஞ்சு இருந்துச்சு, நானும்தான் பக்கத்துல நின்னேன்"னு வேற சொல்றாரு. அவரு படிச்சது எட்டாவது. அதுக்கு மேல நான் அவருகிட்ட பேசலை. மூணு நாள் பேசலை.

எனக்கு ஒண்ணும் ஆகலை மேடம். ஒரு காடுகூடக் குறையலை. வீடியோவை ரெண்டு லட்சம் பேர் பாத்தாங்க. சொன்ன மாதிரியே ரெண்டாவது மிஷின் வந்துச்சு. இப்ப பதினாலு ஊருக்குப் போறேன். பட்டுத் துண்டு போத்தினாங்க தருமபுரியில, அந்த போட்டோ உள்ள இருக்கு, எடுத்துக்கோங்க.

சுகுணா நர்சிங் போகலை. ஓசூர்ல கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டா. காலையில அஞ்சே காலுக்கு கம்பெனி பஸ் ரோட்டுக்கு வரும். நானும் அந்நேரத்துக்குத்தான் மிஷினை ஏத்திக்கிட்டுக் கிளம்புவேன். நான் ஹாரன் அடிக்கச் சொல்லுவேன். அவ திரும்ப மாட்டா.

அக்கா அதுக்கப்புறம் புழு வளக்கலை. மூணு மாசம் போனா இலை சுத்தமாயிடும், கிளையை வெட்டிக் கவாத்து பண்ணிட்டு மறுபடி ஆரம்பிங்கன்னு அந்தப் பட்டு ஆபீஸ் சார்கூட வந்து சொல்லியிருக்காரு. ஒவ்வொரு கத்தை இலையையும் மோந்து மோந்து பாக்குறேன் சார், முடியலைன்னாங்களாம். பதினாறு வருஷத்துச் செடி, டிராக்டரை விட்டுப் புடுங்கிப் போட்டாங்க. அந்த வேரைத்தான் தெருவே மூணு மாசம் அடுப்பெரிச்சுது.

இந்த ஆடியில அதே நிலத்துல மக்காச்சோளம் போட்டாங்க. போன மாசம் எனக்கு போன். அக்கா நம்பர். எடுத்தா, "மாதேசு, ஒன்றரை ஏக்கர், குருத்துல புழு இறங்கிடுச்சு. எப்ப வர்ற?" அவ்ளோதான். மத்தவங்க எப்படிக் கூப்பிடுவாங்களோ அப்படி. எனக்கு சந்தோஷம்தான். சரி, எல்லாம் தீந்துச்சுன்னு நினைச்சேன்.

காலையில ஆறு மணிக்குப் போயாச்சு. மருந்து கலந்தாச்சு, பேட்டரி மாட்டியாச்சு. தூக்கப் போறேன், "இரு"ன்னாங்க. வரப்புல ஏறி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. எங்க போறாங்கன்னு பாத்தா, மொதல்ல தீர்த்தகிரி அண்ணன் வீடு. மருந்து அடிக்கப் போறோம், மாட்டைப் பிடிச்சுக் கட்டுங்கன்னு சொல்றாங்க. அடுத்த வீட்ல தண்ணித் தொட்டியை மூடச் சொல்றாங்க. அதுக்கும் அந்தாண்ட கொல்லையில புல்லு அறுத்துக்கிட்டிருந்த பொம்பளை எழுந்து போற வரைக்கும் அங்கயே நிக்கிறாங்க. வயசு அம்பத்தி நாலு, முழங்கால் வலிக்காரங்க. ஒவ்வொரு வீடா, ஒவ்வொரு கொல்லையா. சுத்து வட்டம் முழுக்க. ஒண்ணே முக்கா மணி நேரம் நான் ரிமோட்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். எங்க வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. அன்னிக்கு எனக்கு ரெண்டு காடு போச்சு, தெரியுமா?

திரும்பி வந்தாங்க. மூச்சு வாங்குது. "எல்லாருக்கும் சொல்லிட்டேன். இப்பத் தூக்கு"ன்னாங்க.

தூக்கினேன். ரெண்டாயிரம் ஏக்கருக்கு மேல ஓட்டின கை மேடம் இது. நேரா போறது கோணலா போகுது. திரும்பி வர்றப்ப எது இடது எது வலதுன்னு ஒரு நிமிஷம் தெரியவே இல்ல. எப்படியோ முடிச்சேன். அக்கா வரப்புல நின்னு காட்டைத்தான் பாத்தாங்க, என்னைப் பாக்கலை. "சரி, போய்ட்டு வா"ன்னாங்க.

அஞ்சாறு நாள் கழிச்சு அந்த வழியாப் போனேன். ரோட்டுல இருந்தே தெரியுது. ரெண்டு பக்கமும் நல்ல பச்சை. நடுவுல ஒரு பட்டை, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும், மருந்தே படலை. குருத்தெல்லாம் புழு தின்னு சல்லடையா நிக்குது. அக்கா அந்தப் பட்டைக்குள்ள குனிஞ்சு, கையால ஒண்ணொண்ணாப் புழுவைப் பொறுக்கித் தண்ணிச் சட்டியில போட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு போன் பண்ணலை. யார்கிட்டயும் சொல்லலை.

வண்டியை நிறுத்தட்டுமான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. அடுத்த காட்டுக்கு நேரமாச்சு, போன்னேன்.

அந்தப் பட்டைக்கு மட்டும் திருப்பி அடிச்சுத் தர்றேன்னு சொல்லணும். பத்து நிமிஷ வேலை. போகணும். இன்னிக்குக்கூட நீங்க வர்றீங்கன்னுதான் போகலை.